எஸ்டீமுக்கு வேறு எஞ்சின் வைத்த பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்து சரிசெய்வது

என்னுடையது 1997 மாருதி எஸ்டீம், கார்ப்பரேட்டர் வண்டி. ஒரு சித்திரை மதியம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபோது ஹீட் ஏறியது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மன்னார்குடி வரை ஓட்டினேன். எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்தது, பிஸ்டன் பிடித்துக்கொண்டது. போரிங் போட்டு எஞ்சின் வேலை செய்வதா, வேறு எஞ்சின் வைப்பதா என்று ஒரு மாதம் யோசித்தோம். கடைசியில், பின்பக்கம் நசுங்கிக் கண்டமாகிப்போன ஒரு எஸ்டீமிலிருந்து 16 வால்வு எஞ்சினை இறக்கி என் வண்டியில் ஏற்றினோம்.

ஏற்றியது மூன்று நாள் வேலை. ஒழுங்காக ஓட நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் ஒருமுறைகூட கோளாறு எஞ்சினுக்குள் இல்லை. எஞ்சினும் வண்டியும் சேரும் இடங்களில்தான் இருந்தது: ஒரு எர்த் வயர், ஒரு ஹோஸ், ஒரு சென்சார், ஒரு மவுண்டிங் ரப்பர். அதனால் இதைப் படிப்பவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மாற்று எஞ்சின் வைத்த வண்டி தகராறு செய்தால் எஞ்சினைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். சேரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன்.

முதலில்: உங்கள் வண்டியில் இருப்பது எந்த எஞ்சின்?

இது தெரியாமல் எந்தக் கோளாறையும் தேட முடியாது. எஸ்டீம் 1994-ல் வந்தது. உடம்பு 1990-ல் வந்த மாருதி 1000-உடையதுதான்; அதனால் கதவு, கண்ணாடி போன்றவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். எஞ்சின் அப்படி இல்லை. மாருதி 1000-ல் 970 சிசி. எஸ்டீமில் 1298 சிசி: முதலில் கார்ப்பரேட்டர் வைத்த 8 வால்வு, சுமார் 65 குதிரைத்திறன். 1999 வாக்கில் எம்.பி.எஃப்.ஐ. (கார்ப்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வைத்த 16 வால்வு வந்தது, 85 குதிரைத்திறன். இந்த இரண்டுக்கும் போர் (சிலிண்டரின் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மி.மீ. கியர்பாக்ஸ் சேரும் இடமும் ஒத்துவரும். பழைய எஸ்டீமுக்கு 16 வால்வு எஸ்டீம் எஞ்சின்தான் மிகச் சுலபமான மாற்று. சிசி மாறாது என்பதால் ஆர்.சி. புக்கில் அந்த இடத்தைத் தொட வேண்டியதும் இல்லை.

ஜிப்சியில் இருந்ததும் இதே குடும்பத்து ஜி13பிபி எஞ்சின்தான். ஜிப்சி 2019 வரை உற்பத்தியில் இருந்ததால் ரிங், பேரிங், கேஸ்கெட் செட் இன்னும் தேடினால் கிடைக்கிறது. எஸ்டீம்காரர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் ஜிப்சியில் எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும், எஸ்டீமில் குறுக்குவாக்கில். அதனால் ஜிப்சி எஞ்சினை அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஆயில் சேம்பர், சேம்பருக்குள் ஆயிலை இழுக்கும் வலையான ஸ்ட்ரெய்னர், மேனிஃபோல்டுகள் (காற்று உள்ளே வரும், புகை வெளியே போகும் குழாய்கள்), வாட்டர் பைப், மவுண்டிங் பிராக்கெட் எல்லாம் எஸ்டீமுடையதாக இருக்க வேண்டும். வெர்சா எஞ்சினுக்கும் இதே கதைதான்.

2005-ல் வந்த ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோலும் இதே குடும்பம். எஞ்சின் குறுக்குவாக்குதான். அதில் சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் உண்டு; அதைப் பற்றிக் கீழே வருகிறது. பழைய பலேனோவின் 1590 சிசி எஞ்சினுக்கு ஸ்ட்ரோக் 90 மி.மீ., அதனால் பிளாக்கே உயரம். மவுண்டிங், சைலென்சர், பானெட் இடைவெளி எல்லாம் கேள்வியாகும். சிசி வேறு மாறுகிறது. வேகம் பிடிக்கும் என்று சொல்வார்கள், உண்மைதான். தினம் கும்பகோணம் போய்வரும் குடும்ப வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பெட்ரோல் வண்டியில் டீசல் வைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. எஸ்டீமிலேயே 1527 சிசி பெஜோ டீசல் வந்தது. இன்று அதற்கு உதிரிபாகம் தேடுவதே ஒரு தனி வேலை. வேண்டாம்.

எதை வாங்கினாலும் எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். அதனுடைய ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி), முழு வயரிங், சென்சார்கள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப், மீட்டர், சாவி எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். முடிந்தால் வண்டி பிரிக்கப்படும் முன் நேரில் போய்ப் பாருங்கள். சென்னை புதுப்பேட்டையில் எஞ்சின் தனியாகவும் கிடைக்கும், ஈ.சி.யூ. வேறு கடையில் வேறு வண்டியுடையதாகவும் கிடைக்கும். அவற்றைச் சேர்த்து வைத்தால் இதற்குக் கீழே இருக்கும் பாதி அறிகுறிகள் உங்கள் வண்டியில் வரும்.

அறிகுறி: செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது

பேட்டரி புதிது, செல்ஃப் மோட்டார் சர்வீஸ் செய்தது, இருந்தும் சுற்றவில்லை என்றால் எர்த்தைப் பாருங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினிலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ பாடிக்கு ஒரு தடித்த எர்த் பட்டை போக வேண்டும். எஞ்சின் இறக்கும்போது முதலில் கழற்றுவதும் அதுதான், ஏற்றியபின் மறந்துபோவதும் அதுதான்.

என் வண்டியில் அது இல்லாமல் ஒரு வாரம் ஓடியது. ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலேட்டர் கேபிள் கை வைக்க முடியாத அளவு சுட்டது. எர்த் பட்டை இல்லாததால் கரண்ட் அந்தக் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் மெக்கானிக் அண்ணன் கேபிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, செல்ஃபக் கழட்ட வேணாம், எர்த்தப் பாருங்க" என்றார். புதுப் பட்டை ஒன்று போட்டதும் சரியானது.

சோதிக்க மல்டிமீட்டர் போதும். ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் பட்டை இருந்தாலும் அது உட்காரும் இடத்தை எமரி தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். உப்புக் காற்றில் போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும்.

செல்ஃப் 'கர்' என்று அரைத்தால் அது வேறு கோளாறு. ஃப்ளைவீலின் ரிங் கியர் பற்களும் செல்ஃபின் பற்களும் ஒத்துவரவில்லை. எந்த ஃப்ளைவீலோ அதற்குரிய செல்ஃப்.

அறிகுறி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

சாவியை 'ஆன்' வரை திருப்பி, பின்சீட் பக்கம் காது கொடுங்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் டேங்க்குக்குள் பம்ப் இரண்டு மூன்று வினாடி ரீங்காரமிட வேண்டும். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் வயர் என்ற வரிசையில் போங்கள்.

கார்ப்பரேட்டர் வண்டியிலிருந்து மாறியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கார்ப்பரேட்டருக்கு எஞ்சினோடு ஓடும் சின்ன பம்ப் போதும், அது கொடுக்கும் அழுத்தமும் மிகக் குறைவு. இன்ஜெக்டருக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ அழுத்தம் வேண்டும். பழைய டேங்க்கை வைத்துக்கொண்டு வெளியே ஏதோ ஒரு பம்ப்பைக் கட்டி ஓட்டுகிறார்கள். சில நாள் ஓடும், பிறகு வெயிலில் நிற்கும். எம்.பி.எஃப்.ஐ. டேங்க்கையே பம்ப்போடு மாற்றிவிடுவதுதான் நிம்மதி. ஹோஸும் அழுத்தம் தாங்கும் இன்ஜெக்ஷன் ஹோஸாக இருக்க வேண்டும். கார்ப்பரேட்டர் ஹோஸைப் போட்டுக் கிளாம்ப்பை இறுக்கிவிட்டால் அது ஒருநாள் சூடான மேனிஃபோல்ட் மேல் பெட்ரோலைப் பீய்ச்சும்.

பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் இல்லை என்றால் கிராங்க் அல்லது கேம் சென்சாரின் கனெக்டரைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள எஞ்சின் என்றால் மூடி, ரோட்டார். டைமிங் பெல்ட் புதிதாகப் போட்டிருந்தால் குறிகளை மறுபடி சரிபார்க்கவும். பழைய பெல்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பற்களை எண்ணிப் பார்த்த பிறகே மாட்டவும். 8 வால்வுக்கும் 16 வால்வுக்கும் ஒரே பெல்ட் என்று கடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள், எண்ணிப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகி ஓரிரு வினாடியில் அணைந்தால், அதுவும் ஸ்விஃப்ட் எஞ்சினோ ஈ.சி.யூ.வோ வைத்திருந்தால், பெரும்பாலும் இம்மொபிலைசர்தான். ஈ.சி.யூ., இம்மொபிலைசர் பெட்டி, சாவிக்குள் இருக்கும் சிப் மூன்றும் ஒரே வண்டியுடையதாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் மற்ற இரண்டும் ஒத்துழைக்காது. சாவி இல்லாமல் ஈ.சி.யூ. வாங்கினால் பணம் வீண்.

அறிகுறி: ஓடும்போது நன்றாக இருக்கிறது, கேட்டில் நிறுத்தினால் அணைகிறது

இது என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டி உருண்டு நிற்கும் நேரத்தில் ஐடிலிங் சரிந்து அணையும். த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தோம், ஐடிலிங்கை ஏற்றி வைத்தோம், ஒன்றும் நிரந்தரமாக இல்லை.

காரணம் வேக சென்சார். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று ஈ.சி.யூ.வுக்குத் தெரிந்தால்தான் நிற்கும்போது ஐடிலிங்கைப் பிடித்து நிறுத்தும். சில வண்டிகளில் அந்த சென்சார் ஸ்பீடோமீட்டருக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் கியர்பாக்ஸில். என்னுடைய கார்ப்பரேட்டர் வண்டியின் மீட்டரில் அது கிடையாது. எஞ்சின் லைட்டும் கிடையாது, அதனால் ஈ.சி.யூ. தன் குறையைச் சொல்லவும் வழியில்லாமல் இருந்தது. மீட்டரையும் சேர்த்து வாங்குங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

அந்தக் காலத்து மாருதி ஈ.சி.யூ.வில் இன்றைய ஸ்கேனர் பேசாமல் போகலாம். கவலைப்பட வேண்டாம். டயக்னாசிஸ் கனெக்டரில் உரிய இரண்டு முனைகளைச் சிறு வயரால் இணைத்தால் எஞ்சின் லைட் மினுக்கி எண்ணைச் சொல்லும். ஒருமுறை மினுக்கி, சற்று இடைவெளி விட்டு, இருமுறை மினுக்கினால் 12. பதிவான குறை ஏதும் இல்லை என்று அர்த்தம். எனக்கு வந்தது 24, அதாவது வேக சென்சார். எந்த முனைகள் என்று அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்து உறுதி செய்யாமல் வயரைச் செருகாதீர்கள்.

சென்சார் சரியாக இருந்தும் அணைகிறதா? வேக்குவம் ஹோஸ்களைப் பாருங்கள். இன்டேக்கில் எங்காவது திருட்டுக் காற்று போகிறதா என்று காது வைத்துக் கேளுங்கள். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்குப் போகும் மெல்லிய ஹோஸ் இரண்டிலும் வெடிப்பு விழுவது சகஜம்.

அறிகுறி: ஹீட் ஏறுகிறது

டெல்டாவில் எஸ்டீமைக் கொல்வது இதுதான். எங்கள் ஊர் தண்ணீரும் வெயிலும் அறுவடையும் இதில் சேர்ந்து வேலை செய்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எப்போது ஏறுகிறது என்பதை முதலில் கவனியுங்கள். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன்தான். ஃபேன் மோட்டாரை நேரடியாக பேட்டரியில் கொடுத்துப் பாருங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது. ரிலே, சுவிட்ச், அல்லது ஈ.சி.யூ.விலிருந்து வரும் வயரில் கோளாறு. கார்ப்பரேட்டர் வண்டியில் ரேடியேட்டர் பக்கத்து சுவிட்ச் ஃபேனை ஓட்டியிருக்கும், புது வயரிங்கில் ஈ.சி.யூ. ஓட்ட நினைக்கும். இரண்டையும் அரைகுறையாக இணைத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை முடிவு செய்து அதை முழுமையாக இணையுங்கள்.

நிற்கும்போது சரி, தஞ்சாவூர் சாலையில் 80-ல் போனால் ஏறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை, அல்லது ரேடியேட்டர் வழியாகக் காற்று போகவில்லை. தை மாதத்தில் சம்பா அறுவடை நடக்கும்போது எங்கள் பக்கம் பாதிச் சாலையில் நெல் காயும், மீதிச் சாலையில் வைக்கோல் கிடக்கும். பதரும் தூசும் ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் போய் அடை மாதிரி ஒட்டிக்கொள்ளும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டையும் பிரித்து, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அறுவடை முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்யத்தான் வேண்டும். அப்படியே வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்து, ஆக்சிலிலும் சைலென்சரிலும் சுற்றியிருக்கும் வைக்கோலை அறுத்து எடுத்துவிடுங்கள். சூடான சைலென்சரில் காய்ந்த வைக்கோல் தீப்பிடிக்கும்.

அடுத்தது தண்ணீர். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். கடலோரத்தில் போர் தண்ணீரில் உப்பு, உள்ளே வந்தால் சுண்ணாம்பு. எஸ்டீமின் ஹெட் அலுமினியம். உப்புத் தண்ணீர் அதை உள்ளேயே அரிக்கும், சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்களில் படியும். என் பழைய எஞ்சினைப் பிரித்தபோது வாட்டர் ஜாக்கெட்டில் விரல் நகம் கனத்துக்குச் செம்மண் நிறத்தில் படிவம் இருந்தது. வழியில் சாலையோர அடிபம்பில் பிடித்து ஊற்றிய தண்ணீர் எல்லாம் அங்கே தங்கியிருந்தது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் கலந்து ஊற்றுங்கள். கேன் மேல் போட்டிருக்கும் அளவில் கலந்தால் போதும். டிக்கியில் எப்போதும் ஒரு கேன் இருக்கட்டும்.

பழைய எஞ்சினில் ஓடிய ரேடியேட்டரையே புது எஞ்சினுக்கும் வைத்திருந்தால், அதில் பழைய அழுக்கு அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 65 குதிரைத்திறனுக்கு ஓடிய ரேடியேட்டர் 85-க்கு ஈடுகொடுக்க வேண்டும் என்றால் சுத்தமாகவாவது இருக்க வேண்டும். நான் புதிதே போட்டேன். மூடியும் புதிது போடுங்கள். மேலே 0.9 என்று அச்சாகியிருக்கும். அந்த அழுத்தத்தைத் தாங்காத மூடி இருந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதித்து ரிசர்வ் டப்பா வழியாகப் போய்விடும்.

எஞ்சின் ஏற்றிய முதல் வாரத்தில் ஹீட் மீட்டர் முள் ஏறி இறங்கி விளையாடினால் ஏர்லாக், அதாவது தண்ணீர்ப் பாதையில் காற்று சிக்கியிருக்கிறது. வண்டியின் முன்பக்கம் உயரமாக இருக்க நிறுத்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து வைத்து, ஐடிலிங்கில் விட்டுக் குமிழ் நிற்கும் வரை ஊற்றுங்கள். தரை தட்டையான எங்கள் ஊரில் மேடு தேடுவது சிரமம். நாங்கள் ஆற்றங்கரை ஏறும் சரிவில் நிறுத்திச் செய்தோம்.

காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, எஞ்சின் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். கூடவே வெள்ளைப் புகையும் நின்றுபோகாமல் வந்தால் ஓட்டாதீர்கள். இது ஒன்றுதான் உண்மையில் எஞ்சினுக்குள் இருக்கும் கோளாறு.

இன்னொன்று: முள் மட்டும் பொய் சொல்லலாம். முள்ளுக்குத் தகவல் கொடுப்பது ஒற்றை வயர் உள்ள ஒரு சென்சார், ஈ.சி.யூ.வுக்குக் கொடுப்பது இரட்டை வயர் உள்ள வேறொன்று. பழைய மீட்டருக்குப் புது சென்சார் ஒத்துவராமல் முள் சிவப்பைத் தொட்டிருக்கிறது, எஞ்சினோ சாதாரணமாக இருந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் நடந்தால்தான் ஆபத்து. சந்தேகம் இருந்தால் வெளியே ஒரு தெர்மாமீட்டர் வைத்து அளந்து பாருங்கள்.

அறிகுறி: மைலேஜ் இல்லை, கரும்புகை, சைலென்சர் வாயில் கரி

தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு" என்று கழற்றி எறியும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. கார்ப்பரேட்டர் வண்டி அதைச் சமாளித்து ஓடிவிடும். எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் சூடாகவே சூடாகாது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று ஈ.சி.யூ. நினைத்துக்கொண்டு பெட்ரோலை அதிகமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வால்வைத் திரும்பப் போட்டதும் என் வண்டியில் வித்தியாசம் அந்த வாரமே தெரிந்தது.

அதன்பிறகு ஆக்சிஜன் சென்சார். பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை வைத்து அந்த சென்சாருக்கு இடமே இல்லாமல் விட்டிருந்தால், ஈ.சி.யூ. கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறது. எஞ்சினோடு வந்த மேனிஃபோல்டையே வையுங்கள்.

அறிகுறி: கியர் விழவில்லை, கிளட்ச் வழுக்குகிறது, உதறல்

கிளட்ச் பிளேட் கியர்பாக்ஸோடு சேர வேண்டும், பிரஷர் பிளேட் ஃப்ளைவீலோடு சேர வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் வேறு வேறு வண்டி என்றால் மாட்டும் முன் பிளேட்டை கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் செருகிப் பாருங்கள். கையால் வழுக்கிப் போய் உட்கார வேண்டும். விட்டத்தையும் பழையதோடு வைத்து ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை. செய்யாவிட்டால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும்.

ஐடிலிங்கில் ஸ்டியரிங் நடுங்கினால், கிளட்ச் விடும்போது 'டம்' என்று இடித்தால் மவுண்டிங். போல்ட் ஓட்டை சேரவில்லை என்று கடப்பாரை வைத்து நெம்பி இறுக்கியிருப்பார்கள். ரப்பர் முறுக்கியபடியே இருக்கும், ஆறு மாதத்தில் கிழியும். எல்லா மவுண்டிங் போல்ட்டையும் சற்றுத் தளர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு அது தானாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தபின் இறுக்குங்கள். பிராக்கெட்டுகள் எஸ்டீமுடையவையாக இருக்க வேண்டும். லேத்தில் புதிதாகச் செய்து வெல்டு வைத்தால் எஞ்சின் ஒரு சென்டிமீட்டர் சாய்ந்தாலும் ஆக்சில் கோணம் மாறும். பிறகு கியர்பாக்ஸ் ஆயில் சீல் ஒழுகும், திருப்பத்தில் வீல் ஜாயிண்ட் 'டக டக' என்று அடிக்கும். ஆக்சில் இடது வலது நீளம் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறிகுறி: ஆயில் லைட் எரிகிறது

உடனே அணைத்துவிடுங்கள், தள்ளிக்கொண்டு போனாலும் பரவாயில்லை. ஜிப்சி எஞ்சினில் எஸ்டீம் சேம்பர் போட்டு, உள்ளே ஸ்ட்ரெய்னரை மாற்றாமல் விட்டிருந்தால் அது ஆயிலைத் தொடாமல் காற்றை இழுக்கும். ஸ்ட்ரெய்னர் சேரும் இடத்தில் சீல் புதிதாகப் போட்டார்களா என்றும் கேளுங்கள். எல்லாம் சரி என்றால் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி அழுத்தத்தை அளந்த பிறகே ஓட்டுங்கள்.

அறிகுறி: பெட்ரோல் வாடை, அல்லது கார்ப்பரேட்டர் எஞ்சினில் மிஸ்ஸிங்

இப்போது பங்க்குகளில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். இந்த வண்டிகள் செய்யப்பட்ட காலத்தில் அது கிடையாது. பழைய ரப்பர் ஹோஸ், கார்ப்பரேட்டர் கேஸ்கெட், டயாஃப்ரம் எல்லாம் அதில் ஊறி இளகி வெடிக்கின்றன. மாற்று எஞ்சின் வைக்கும்போதே டேங்க்கிலிருந்து எஞ்சின் வரை எல்லா ரப்பரையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். முதல் சில டேங்க்கில் பழைய அழுக்கு கரைந்து வந்து ஃபில்டரை அடைக்கும், அதையும் மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் டேங்க்கைப் பாதி காலியாக விடாதீர்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரியும்.

எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தன்னை ஓரளவு சரிசெய்துகொள்ளும். கார்ப்பரேட்டருக்கு அந்த வசதி இல்லை. அதே காற்றுக்கு எத்தனால் அதிகம் வேண்டும். கிடைக்காதபோது பிக்கப் தடுமாறும், எஞ்சின் சூடாக ஓடும். நல்ல கார்ப்பரேட்டர் வேலை தெரிந்தவரிடம் ஜெட்டை (பெட்ரோல் அளவாகப் போகும் சிறு துளை) பார்க்கச் சொல்லுங்கள்.

வாடை வந்தால் மட்டும் எதையும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒழுகும் இடத்தைத் தேடுங்கள்.

அறிகுறி: மழைக்காலக் காலையில் மட்டும் தகராறு, அல்லது தினம் ஒரு புதுக் கோளாறு

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஸ்டார்ட் ஆகாமல், பத்து மணி வெயிலில் ஸ்டார்ட் ஆனால் ஈரம். பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, புதிதாக ஒட்டுப்போட்ட வயர் இணைப்புகள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றிய ஒட்டு எங்கள் மழையில் ஒரு வருடம் தாங்காது. சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

தினம் ஒரு கோளாறு என்றால் எலி. அறுவடை முடிந்து வயலில் தீனி குறைந்ததும் எலி வீட்டுக்கும் வண்டிக்கும் வரும். எஞ்சின் மேல் இருக்கும் வயரிங்கை டார்ச் அடித்து முழுக்கப் பாருங்கள், குறிப்பாக இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில். நெல் குதிருக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துபவர்கள் இரவில் பானெட்டைத் திறந்து வைத்தால் எலி உள்ளே தங்குவது குறையும்.

அறிகுறி: எல்லாம் சரியாக ஓடுகிறது, எஃப்.சி.யில் (ஆர்.டி.ஓ. தகுதிச் சோதனையில்) நிற்கிறது

ஆர்.சி.யில் ஒரு எஞ்சின் நம்பர், பிளாக்கில் வேறு நம்பர். 15 வருடம் முடிந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வண்டிகளுக்கு இது கட்டாயம் வெளியே வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைப் பற்றியது. எஞ்சின் மாற்றும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்குவதே முறை. அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யைக் கொடுத்துத் திருத்த வேண்டும். உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறான மாற்றம் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-ல் சொல்லியிருக்கிறது. அதனால்தான் அதே மாடல், அதே சிசி, அதே எரிபொருள் எஞ்சினைத் தேடுங்கள் என்கிறேன். 2019 திருத்தத்துக்குப் பின் சட்டத்துக்குப் புறம்பான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் இதே கேள்வி வரும்.

எஞ்சின் வாங்கும்போது நம்பர் எழுதிய பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகலும் கேட்டு வாங்குங்கள். பில் தராத கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், அது திருட்டு வண்டியுடையதாக இருக்கலாம். எஞ்சினை ஏற்றும் முன்பே பிளாக்கில் அடித்திருக்கும் நம்பரைத் துருவைத் துடைத்துவிட்டுத் தெளிவாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றியபின் அந்த இடத்துக்கு டார்ச் போவதே கஷ்டம். ஆர்.சி.யில் புது நம்பர் ஏறி கையில் வரும் வரை பழைய பிளாக்கைக் காயலான் கடைக்குப் போடாமல் கொட்டகையிலேயே வைத்திருங்கள். என்னிடம் அதைக் காட்டச் சொன்னார்கள்.